கையளித்தலும் கைகழுவுதலும்

ஒரு நோயாளியின் உடலுக்கு யார் பொறுப்பு? வைத்தியரா, அரசாங்கமா, குடும்பமா, நோயாளியேதானா? காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்த ஒருவர் விடயத்தில் இந்தக் கேள்வி பெரிதாக எழுவதில்லை. வைத்தியரிடம் போகிறார், அவர் சொன்னதைச் செய்கிறார், ஐந்தாறு நாளில் எழும்பி விடுகிறார். சில நாட்களுக்குத் தன் உடலை இன்னொருவரின் அறிவிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்னர் திரும்பப் பெற்றுக்கொள்கிறார். ஆனால் சீனி வருத்தம், பிரஷர், ஆஸ்துமா, சிறுநீரக நோய் என்று வாழ்நாள் முழுவதும் கூடவே வருகின்ற நோய்களில் அத்தகைய ஒப்படைப்புக்கு இடமில்லை. மாதம் ஒரு தடவை கிளினிக்குக்குப் போகும் ஒருவர், ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் வைத்தியரோடு இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் கிளினிக்குகளின் சனத்தை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு தாராளமான கணக்கு என்பது விளங்கும். அப்படிப் பார்த்தாலும் வருடத்துக்கு இரண்டே இரண்டு மணித்தியாலங்கள். வருடத்தில் மொத்தம் 8,760 மணித்தியாலங்கள் இருக்கின்றன. மிகுதி 8,758 மணித்தியாலங்களிலும் அந்த நோய்க்கு வைத்தியம் பார்ப்பவர் நோயாளியேதான். என்ன சாப்பிடுவது, எவ்வளவு நடப்பது, தலை சுற்றினால் என்ன செய்வது, காலில் பட்ட சிறு காயத்தை எப்படிப் பார்ப்பது என்பவை எல்லாம் அவருடைய தீர்மானங்கள்.

மருத்துவ உலகம் இதனை இப்போது "சுய முகாமைத்துவம்" என்று அழைக்கின்றது. சொல் புதிது, சங்கதி பழையது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபூபக்ர் அர்-ராஸி "மன் லா யஹ்ளுருஹுத் தபீப்" என்றொரு நூலை எழுதினார். வைத்தியர் அருகில் இல்லாதவருக்கான நூல் என்பது அத்தலைப்பின் கருத்து. அதே நூற்றாண்டில் கைரவானில் வாழ்ந்த இப்னுல் ஜஸ்ஸார், ஏழைகளுக்கும் மிஸ்கீன்களுக்குமென்றே தனியாக ஒரு மருத்துவ நூலை ஆக்கினார். தம் அறிவைத் தம்மோடு வைத்துக்கொண்டால் செல்வாக்கும் வருமானமும் கூடும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. இருந்தும் அதைப் பொதுவில் வைத்தார்கள். மருத்துவ அறிவு நோயாளியிடமும் போய்ச் சேரவேண்டிய ஓர் அமானத் என்ற எண்ணம் நமது மரபுக்கு அந்நியமானதன்று என்பதைச் சொல்லவே இதனை நினைவூட்டுகிறேன்.

நவீன காலத்தில் அந்த அமானத் இலகுவாகக் கைமாறவில்லை. ரிச்சர்ட் பேர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பொறியியலாளருக்கு 1946 இல், 12 ஆவது வயதில், சீனி வருத்தம் வந்தது. நடுத்தர வயதை அடையுமுன்னரே உடலின் பல உறுப்புகள் பழுதடையத் தொடங்கின. 1969 இல், ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு சீனியின் அளவைக் காட்டும் ஒரு கருவி பற்றிய விளம்பரத்தைக் கண்டார். சுமார் மூன்று இறாத்தல் பாரமான கருவி அது. வைத்தியர்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் மட்டுமே விற்கப்பட்டது. நோயாளிக்கு அது எதற்கு என்பதே அக்காலத்து எண்ணம். அவருடைய மனைவி ஒரு வைத்தியர். ஆகவே மனைவியின் பெயரில் அதனை வாங்கி, ஒரு நாளைக்குப் பல தடவைகள் தன் சீனியைத் தானே அளந்து, உணவையும் இன்சுலினையும் அதற்கேற்ப மாற்றிப் பார்த்தார். உடல்நிலை தேறியது. கண்டறிந்ததை எழுதி மருத்துவச் சஞ்சிகைகளுக்கு அனுப்பினார், அவை பிரசுரிக்கவில்லை. வைத்தியராக இருந்தால்தானே பேச்சு எடுபடும் என்று, 45 வயதில், 1979 இல், மருத்துவக் கல்லூரியில் மாணவனாகச் சேர்ந்தார். 2025 இல் காலமானபோது அவருக்கு வயது 90.

அவர் தனி மனிதராகக் கண்டதற்கு 1993 இல் பெரிய சான்று கிடைத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு, முதலாம் வகைச் சீனி வருத்தம் உடையவர்கள் தம் சீனியை அடிக்கடி அளந்து இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண் விழித்திரை பாதிக்கப்படும் அபாயம் 76 சதவீதம் குறைவதாகக் காட்டியது. நோயாளியின் கையில் கொடுக்கலாமா என்று தயங்கிய ஒரு கருவி, இன்று மருத்துவத்தின் அத்திவாரங்களில் ஒன்று.

சுவீடனின் யொன்ஷோப்பிங் நகரில் நடந்ததும் இதுபோன்றதே. 2005 இல், இரத்தச் சுத்திகரிப்புக்காக வைத்தியசாலைக்கு வந்துபோன ஒரு நோயாளி, இந்த இயந்திரத்தை நானே இயக்கினால் என்ன என்று தாதியிடம் கேட்டார். இயந்திரங்களோடு பழகிய தொழிலாளி அவர். தாதி அவரை விரட்டாமல் கற்றுக்கொடுத்தார். அவர் அடுத்த நோயாளிக்குக் கற்றுக்கொடுத்தார். பின்னர் நோயாளிகளே தமக்குச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் தனிப்பிரிவு ஒன்று அங்கே அமைந்தது. இந்தச் சம்பவத்தில் என்னைக் கவர்ந்தவர் அந்தத் தாதிதான். கேள்வி கேட்கும் நோயாளிகள் எங்கும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை அடங்காமை என்று எடுத்துக்கொள்ளாத ஓர் ஊழியர் அமைவதுதான் அரிது.

இவ்விடத்தில் நமது சமூகத்தில் அடிக்கடி எழும் ஓர் ஆட்சேபத்தைக் கவனிக்க வேண்டும். நோயும் சுகமும் அல்லாஹ்வின் கையில் இருக்க, விரலைக் குத்திக் குத்திப் பார்ப்பது ஈமானின் பலவீனமல்லவா என்று கேட்பவர்கள் உளர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸை எல்லோரும் அறிவோம். அதைவிட நுணுக்கமான பதில் உமர் (ரழி) அவர்களின் சரிதையில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியதைக் கேள்வியுற்று அவர்கள் பாதிவழியில் திரும்பத் தீர்மானித்தபோது, அல்லாஹ்வின் கத்ரை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரழி) வினவினார்கள். ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்கே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரழி) விடையிறுத்தார்கள். ஒரு பக்கம் பசுமையும் மறுபக்கம் வறட்சியுமான பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை மேய்ப்பவர் எந்தப் பக்கத்தில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் கத்ர்தானே என்றும் உவமை காட்டினார்கள். எந்தப் பக்கத்தில் மேய்ப்பது என்ற தெரிவு மேய்ப்பவருடையது. சீனி அளக்கும் நோயாளி செய்வதும் அதுதான். பள்ளத்தாக்கின் எந்தப் பக்கம் பச்சையாக இருக்கிறது என்று பார்க்கிறார்.

ஆக, பொறுப்பை நோயாளியின் கையில் கொடுப்பது மார்க்கத்துக்கும் அறிவுக்கும் பொருந்துகிறது. அப்படியானால் பிரச்சினை முடிந்ததா? என் பார்வையில் உண்மையான பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. ஒரு பொருளை ஒருவரிடம் கொடுத்துவிட்டு நகர்வதற்குத் தமிழில் இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று கையளித்தல், மற்றது கைகழுவுதல். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டிலும் கொடுப்பவரின் கை வெறுமையாகிறது. வாங்கியவரின் நிலையைப் பார்த்தால்தான் வித்தியாசம் புலப்படும்.

இங்கிலாந்து அரசாங்கம் 2002 இல் "நிபுணத்துவ நோயாளிகள்" என்ற பெயரில் ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்ற பெண்மணி உருவாக்கிய பயிற்சியே அதன் மூலம். வாரத்துக்கு ஒரு தடவையாக ஆறு வாரம், நீண்டகால நோயுள்ள ஒருவரே ஏனைய நோயாளிகளுக்கு வகுப்பு நடத்துவார். மூட்டுவாத நோயாளிகளிடையே லோரிக் கண்ட ஒரு விடயம் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. நோயாளி எவ்வளவு உடற்பயிற்சி செய்தார் என்பதைக் காட்டிலும், தன்னால் இந்த நோயைச் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு எவ்வளவு வளர்ந்தது என்பதே அவரது முன்னேற்றத்தோடு கூடுதலாக இணைந்திருந்தது. இங்கிலாந்தின் திட்டத்தை மதிப்பிட்டு 2007 இல் வெளிவந்த ஆய்வும் நோயாளிகளின் தன்னம்பிக்கை கூடியதைக் காட்டியது. ஆனால் அவர்கள் வைத்தியசேவையை நாடுவது குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.

இந்த முடிவை எப்படி வாசிப்பது? செலவு குறையும் என்று எதிர்பார்த்த நிர்வாகிக்கு இது ஏமாற்றம். என்னைப் பொறுத்தவரை இது நல்ல செய்தி. தன்னம்பிக்கை பெற்ற நோயாளி வைத்தியரைக் கைவிடுவதில்லை. இன்னும் தெளிவான கேள்விகளோடு அவரிடம் போகிறார். நோயாளியைப் பலப்படுத்துவதன் நோக்கம் அவர் வைத்தியசாலை வாசலுக்கு வராமல் செய்வதாக இருந்தால், அது கைகழுவுதலேயன்றி வேறில்லை.

நமது நாட்டுக்கு வருவோம். 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் திறக்கப்பட்டு, நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வேலை நடந்து வருகின்றது. இலவச மருத்துவம் என்பது இந்நாட்டின் பெரும்பேறு, அதில் சந்தேகமில்லை. ஆனால் வீட்டில் சீனி அளக்கும் கருவியையும் அதற்குரிய கீற்றுகளையும் எனக்குத் தெரிந்த நோயாளிகள் அனைவரும் பாமசியில் காசு கொடுத்தே வாங்குகின்றனர். எங்கள் தெருவில் முச்சக்கரவண்டி ஓட்டும் ஒரு சகோதரரிடம் குளுக்கோமீட்டர் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து மச்சான் கொண்டுவந்து கொடுத்தது. அது அலுமாரிக்குள் கிடக்கிறது. "மெசின் சும்மா கிடைச்சிது, ஸ்ட்ரிப்பு சும்மா கிடைக்குமா?" என்று கேட்டார். 2022 இல் டொலர் இல்லாமல் மருந்துகளுக்கே நாடு தட்டழிந்தபோது, சுய முகாமைத்துவம் பற்றிய அறிவுரைகள் எவ்வளவு வெறுமையாக ஒலித்தன என்பதை அனுபவித்தவர்கள் அறிவர். தாங்க முடியாத சுமையை எந்த ஆத்மாவின் மீதும் அல்லாஹ் சுமத்துவதில்லை என்பது சூரா பகராவின் இறுதி வசனத்தில் வரும் கருத்து. படைத்தவனே கவனத்தில் கொள்ளும் அந்தச் சக்தியை, சுற்றறிக்கை எழுதுபவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டாமா?

கருவியும் கீற்றும் கிடைத்துவிட்டாலும் இன்னொன்று தேவை. அதற்குக் காசு செலவில்லை, ஆனாலும் அதுதான் மிகவும் தட்டுப்பாடு. கிளினிக்கில் நோயாளியோடு பேசும் விதத்தைச் சொல்கிறேன். என் உம்மா இருபது வருடங்களுக்கு மேலாகச் சீனி வருத்தக்காரி. கிளினிக்கிலிருந்து வந்ததும் "என்ன சொன்னாங்க உம்மா?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான். "என்னத்தச் சொல்ற மகன், ஏசித்தான் அனுப்பினாங்க." சீனி ஏன் கூடியது என்று அங்கே கேட்கப்படும் கேள்வி, பதிலைத் தேடும் கேள்வியாக இருப்பதில்லை. அது குற்றப்பத்திரிகை. ஆகவே நோயாளிகள் ஒரு தற்காப்பைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். இரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் இருக்கும்போது சோற்றைக் குறைத்து, சீனியை நிறுத்தி, பாகற்காயைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கொப்பியில் நல்ல இலக்கம் விழுகிறது. வைத்தியர் சந்தோசப்படுகிறார். நோயாளி ஏச்சிலிருந்து தப்புகிறார். உண்மை மட்டும் அந்த அறைக்குள் வருவதில்லை.

மார்க்க வகுப்பிலும் பள்ளிக்கூடத்திலும் நாம் பொய்யைப் பொய் சொல்பவரின் குற்றமாக மட்டும் பார்க்கப் பழகியிருக்கிறோம். உண்மையைச் சொன்னால் அவமானம் நிச்சயம் என்ற ஓர் இடத்தை அமைத்தவர்களுக்கு அந்தப் பொய்யில் பங்கில்லையா? பொறுப்பு வேறு, குற்றம் வேறு. பொறுப்பு முன்னோக்கிப் பார்ப்பது, நாளைக்கு என்ன செய்யலாம் என்று கேட்பது. குற்றம் பின்னோக்கிப் பார்ப்பது, நேற்று ஏன் செய்யவில்லை என்று கேட்பது. நீண்டகால மருந்துகளை ஒழுங்காக எடுப்பவர்கள் வளர்ச்சியடைந்த நாடுகளிலேயே ஏறத்தாழ அரைவாசிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003 இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. அரைவாசிப் பேர் தவறுகிற ஒரு காரியத்தில், தவறியவரின் குணத்தை மட்டும் ஆராய்வது நியாயமாகுமா? அந்தக் காரியம் மனிதனுக்கு எவ்வளவு கடினம் என்பதையல்லவா முதலில் ஆராய வேண்டும்.

"சுய" என்ற சொல்லிலும் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. மேற்குலகில் ஒருவர் தன் தட்டில் என்ன விழ வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கக் கூடும். நமது வீடுகளில் உம்மாவின் தட்டில் என்ன விழுகிறது என்பதைத் தீர்மானிப்பவர்கள் யார்? வாப்பாவுக்குப் பிடித்ததும் பிள்ளைகள் கேட்டதும் பானையில் வேகின்றன. எல்லோரும் சாப்பிட்ட பின்னர், மிஞ்சியதைக் கொண்டு அவர் சாப்பிடுகிறார். தனக்கென்று தனியாக ஒரு கறி ஆக்குவது பெருமைக்காரத்தனம் என்று அவரே நினைக்கிறார். கந்தூரி வீட்டிலும் கலியாண வீட்டிலும் "ஒருநாளைக்குத் தின்றா ஒண்டும் செய்யாது" என்று வட்டிலப்பத்தைக் கையில் திணிப்பவர்கள் அன்பினாலேயே திணிக்கிறார்கள். மாலையில் நடக்கச் சொல்கிறார் வைத்தியர். தனியாக வீதியில் நடந்தால் ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்கிறார் அந்தப் பெண். இப்படிப்பட்ட ஒருவரிடம் "உங்கள் நோய்க்கு நீங்களே பொறுப்பு" என்று சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி அந்த வீட்டுக்கும் அந்தத் தெருவுக்கும் உரியது. நோயாளி ஒருவர், முகாமைத்துவம் செய்ய வேண்டியவர்கள் பலர்.

இவ்வளவும் ஒன்றாகக் கூடிச் சோதிக்கப்படும் காலம் ரமழான். 2001 இல் 13 நாடுகளில் 12,243 முஸ்லிம் நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. இரண்டாம் வகைச் சீனி வருத்தம் உள்ளவர்களில் 79 சதவீதமானோரும், இன்சுலின் இன்றி வாழ முடியாத முதலாம் வகையினரில் 43 சதவீதமானோரும் குறைந்தது 15 நோன்புகளை நோற்றிருந்தனர். சீனி கடுமையாக இறங்கி ஆபத்துக்குள்ளாவது ரமழானில் பல மடங்கு அதிகரித்ததையும் அதே ஆய்வு காட்டியது. நோயாளிக்குச் சலுகை இருக்கிறது என்பது அல்குர்ஆனின் வார்த்தை. சலுகையை ஏற்பதும் அல்லாஹ்வுக்குப் பிரியமான செயல் என்று உலமாக்கள் சொல்கிறார்கள். இருந்தும் ஊரே நோன்பிருக்கும்போது, ஸஹருக்கு எழும்பிச் சமைக்கும் ஒரு தாய், தான் மட்டும் பகலில் சாப்பிடுவதை எண்ணிக் கூசுகிறார். வைத்தியர் "நோன்பு வேண்டாம்" என்று ஒற்றை வார்த்தையில் முடிக்கிறார். நோயாளி "சரி" என்று ஒற்றை வார்த்தையில் ஒத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நிய்யத் வைக்கிறார். மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று கேட்க வழியில்லை. கேட்டால் நோன்பு பிடிப்பது தெரிந்துவிடும்.

இங்கிலாந்தில் நடந்த இன்னொரு சிறிய ஆய்வு 2010 இல் வெளியானது. ரமழானுக்கு முன்னர் ஒரு குழுவினருக்கு உணவு, மருந்து, சீனி அளத்தல் பற்றிக் கற்பிக்கப்பட்டது. மற்றக் குழுவினருக்குக் கற்பிக்கப்படவில்லை. கற்றவர்களிடையே சீனி இறங்கிய சம்பவங்கள் 9 இலிருந்து 5 ஆகக் குறைந்தன. கற்காதவர்களிடையே 9 இலிருந்து 36 ஆகக் கூடின. விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது உலமாக்களின் பரவலான கருத்து. சீனி 70 இற்குக் கீழே இறங்கினால் அல்லது 300 இற்கு மேலே ஏறினால் நோன்பை உடனே விட வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டல். இந்த இரண்டு செய்திகளும் எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன? முதலாவதைச் சொல்ல வேண்டியவர் ஆலிம், இரண்டாவதைச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். இருவரும் ஒரே பாயில் அமர்ந்து சொல்லும்போதுதான் நோயாளியின் மனச்சாட்சி இரண்டாகக் கிழியாமல் இருக்கும்.

யார் நோற்கக் கூடாது என்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லாத சந்தர்ப்பங்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. சிறுநீரகம் பழுதானவருக்கும், அடிக்கடி சீனி இறங்கி மயங்குபவருக்கும் வைத்தியர் தடை சொல்லத்தான் வேண்டும். ஆனால் காரணம் விளங்கிய தடைக்கும் விளங்காத தடைக்கும் வேற்றுமை உண்டு. விளங்கியவர் பித்யாவைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார். விளங்காதவர் களவாக நோன்பு நோற்பார்.

ஷஃபான் மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, பள்ளிவாசலின் ஒரு பக்கத்தில் ஒரு வைத்தியரும் ஓர் ஆலிமும், பத்து வருடங்களாகச் சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் நமதூர்க்காரர் ஒருவரும் அமர்வதற்குப் பெரிய நிதி தேவையில்லை. பெண்களுக்கு அதையே மத்ரஸா மண்டபத்தில் செய்யலாம். அங்கே உம்மாமார் மட்டும் வந்தால் போதாது. பானையில் என்ன வேக வேண்டும் என்று கேட்பவர்களும் வர வேண்டும். கீற்று வாங்க வசதியற்றவர்களுக்கு அதைக் கொடுப்பதையும் ஸதக்காவின் பட்டியலில் சேர்க்கலாம். இப்தாருக்குப் பேரீச்சம்பழம் கொடுத்து நன்மை தேடும் நமது செல்வந்தர்கள், அந்தப் பேரீச்சம்பழத்தில் எத்தனை தன்னால் சாப்பிட முடியும் என்பதை ஒருவர் அளந்து பார்த்துக்கொள்ள உதவுவதிலும் நன்மை தேடலாம் அல்லவா?

கிளினிக்கில் மாற வேண்டியது ஒரு வாக்கியம்தான். "ஏன் கூடினது?" என்பதற்குப் பதிலாக "இந்த மாதம் எது கஷ்டமாக இருந்தது?" என்று கேட்கலாம். ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கும் வைத்தியருக்கு நேரமில்லை என்பதை அறிவேன். இரண்டு கேள்விகளுக்கும் எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாவது கேள்விக்கு நோயாளி ஒரு சாட்டுச் சொல்வார். இரண்டாவது கேள்விக்கு, மகள் வெளிநாடு போனதையோ, கீற்று முடிந்து இரண்டு மாதமானதையோ, இரவில் ஊசி போடப் பயமாக இருப்பதையோ சொல்வார். அவர் அப்படிச் சொல்லத் தொடங்கினால், 8,758 மணித்தியாலங்களில் சிலவாவது வைத்தியரின் கண்ணுக்குத் தெரியவரும். அதன் பிறகு அவர் கொடுக்கும் அறிவுரை அந்த மணித்தியாலங்களுக்கும் உதவும்.